5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை காணோமா? ரீசெட் அமுக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வைஃபை லிஸ்ட்டத் தொறந்தா உங்க வீட்டுப் பேரு ஒண்ணுதான் தெரியுது, கூடவே இருக்க வேண்டிய 5ஜின்னு முடியுற பேரைக் காணோம். நேத்து வரைக்கும் இருந்துச்சு, இன்னைக்கு இல்ல. இல்லன்னா புது ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல அனுப்புற பொட்டி) வாங்கி மாடியில மாட்டின நாள்ல இருந்தே வரல. ரெண்டுலயும் நம்ம ஆளுங்க முதல்ல செய்யுறது ஒரு குண்டூசிய எடுத்து பின்னாடி இருக்குற ரீசெட் ஓட்டைக்குள்ள விடுறதுதான். தயவுசெஞ்சு இப்போ அதைப் பண்ணாதீங்க. ரீசெட் பண்ணா ஃபைபர் கனெக்‌ஷனுக்குப் போட்டு வச்ச யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் நம்பர் (நெட்காரரு தன் லைனுக்குக் குடுக்குற அடையாள எண்) எல்லாம் அழிஞ்சு போகும், திரும்பப் போடணும்னா நெட்காரரு ஃபோன எடுக்கணும், அவரு எடுக்குற வரைக்கும் ஓடிட்டிருந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் சேர்ந்து போச்சு.

அதுக்கு பதிலா ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுங்க. ஆக்சஸ் பாயிண்ட் 5ஐ அனுப்பவே இல்லையா, இல்ல அது பாட்டுக்கு அனுப்பிட்டுதான் இருக்கு உங்க ஃபோனுக்குத்தான் கேக்கலையா? இது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. நான் பாத்த வரைக்கும் "5 போயிடுச்சு"ன்னு வர்றதுல நிஜமாவே செத்துப் போன பொட்டி கம்மிதான், பெரும்பாலும் அது காத்துக்கிட்டு இருக்கும், ஒளிஞ்சு இருக்கும், இல்ல உங்க ஃபோன் போகாத ஒரு சேனல்ல (அலைவரிசைக்குள்ள பிரிச்சு வச்ச ஒரு துண்டு) உக்காந்திருக்கும்.

(இங்க 5ன்னு சொல்றது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. சிம் கார்டுல வர்ற 5ஜிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ரௌட்டர், ஆக்சஸ் பாயிண்ட் ரெண்டுக்கும் கீழ சொல்றது பொருந்தும்.)

முதல்ல, உங்க பொட்டியில 5 இருக்கா?

கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா ஃபைபர் கனெக்‌ஷன் கூட சும்மா குடுக்குற சின்ன பொட்டிங்க நிறைய வெறும் 2.4 மட்டும்தான். ஆன்டெனா எண்ணிக்கைய வச்சு முடிவு பண்ணாதீங்க, நாலு கொம்பு இருக்குற சிங்கிள் பேண்டும் (2.4 மட்டும்) இருக்கு, வெளிய ஒரு கொம்பு கூட இல்லாத டூயல் பேண்டும் (2.4, 5 ரெண்டும்) இருக்கு. பொட்டிய கவுத்துப் போட்டு ஸ்டிக்கரப் பாருங்க. என்300ன்னு போட்டிருந்தா பெரும்பாலும் 2.4 மட்டும், கதை இங்கயே முடிஞ்சுது. ஏசி1200ன்னா வேகம் 2.4ல 300 எம்பிபிஎஸ், 5ல 867, ரெண்டையும் கூட்டி ரவுண்டா 1200ன்னு போட்டது, அதாவது டூயல் பேண்ட். ஏசின்னு தொடங்குற எதுலயும் 5 இருந்தே ஆகணும், ஏன்னா அந்த ஏசி ஸ்டாண்டர்டே 5க்கு மட்டும் உண்டானது. ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்3000ன்னு வர்ற வைஃபை 6 ரௌட்டருங்களும் டூயல் பேண்ட்தான். ஸ்டிக்கர்ல ரெண்டு வைஃபை பேரு அச்சடிச்சிருந்தா இன்னும் நல்லது, சந்தேகமே வேணாம்.

உங்க ஃபோனுக்கு, லேப்டாப்புக்கு 5 கேக்குமா?

வீட்ல இருக்குற இன்னொரு ஃபோன எடுத்து ஆக்சஸ் பாயிண்ட் இருக்குற அதே ரூம்ல நின்னு பாருங்க. அதுல தெரியுது இதுல தெரியலன்னா பொட்டி மேல பழி போடாதீங்க. ஸ்மார்ட் ப்ளக், ஸ்மார்ட் பல்பு, கேமரா இதெல்லாம் பெரும்பாலும் 2.4 மட்டும் பேசுற சாதனங்க, ஈஎஸ்பி8266 மாதிரி சிப்பு உள்ள எதுவுமே 5ஐ பாக்காது. ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல 3 மாடல் பி-யும் அப்படித்தான், 2018ல வந்த 3 பி ப்ளஸ்ல இருந்துதான் அதுல 5 வந்துச்சு.

விண்டோஸ் லேப்டாப்னா கமாண்ட் ப்ராம்ப்ட்டத் தொறந்து நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ ட்ரைவர்ஸ்னு (netsh wlan show drivers) அடிங்க. வர்றதுல ரேடியோ டைப்ஸ் சப்போர்ட்டட்னு ஒரு வரி இருக்கும். அதுல 802.11ஏ, ஏசி, ஏஎக்ஸ்ல ஏதாவது ஒண்ணு இருந்தா 5 கேக்கும். வெறும் பி, ஜி, என் மட்டும் இருந்தா அந்தக் கார்டு 2.4 கார்டு, நீங்க எந்த ரௌட்டர் வாங்கினாலும் அதுக்கு 5 தெரியப் போறதில்ல, ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர்தான் வழி.

இன்னொரு சோதனை இருக்கு, இது ரொம்ப பேருக்குத் தோணாது. 5 தெரியுற நல்ல ஆண்ட்ராய்டு ஃபோன் ஒண்ணுல ஹாட்ஸ்பாட்ட ஆன் பண்ணி, ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸ்ல பேண்ட 5 கிகாஹெர்ட்ஸ்னு மாத்துங்க. அந்த ஹாட்ஸ்பாட் உங்க லேப்டாப்ல தெரியுது ஆனா வீட்டு 5 தெரியலன்னா லேப்டாப் கார்டு நல்லாதான் இருக்கு, சேனல் பிரச்சனையா இருக்கலாம், இல்ல பொட்டி அனுப்பல. ஹாட்ஸ்பாட்டே தெரியலன்னா லேப்டாப் பக்கம்தான் ஏதோ.

லேப்டாப் பக்கம்னு ஆயிட்டா ரெண்டு இடம் பாருங்க. டிவைஸ் மேனேஜர்ல வைஃபை கார்ட ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு போனா ப்ரிஃபர்டு பேண்ட், வயர்லெஸ் மோட்னு வரும், யாரோ அத 2.4 மட்டும்னு வச்சிருக்கலாம். ரெண்டாவது, வைஃபை 6 ரௌட்டர் புதுசா வாங்கினவங்க முக்கியமா கவனிக்க வேண்டியது: பழைய இன்டெல் கார்டுகளுக்கு ட்ரைவரும் (கார்ட ஓட்டுற சாஃப்ட்வேர்) பழசா இருந்தா வைஃபை 6 மோட்ல ஓடுற நெட்வொர்க் லிஸ்ட்லயே வராது, கனெக்ட் ஆகலங்கிறது இல்ல, பேரே தெரியாது. ரௌட்டர் கெட்டுப் போச்சுன்னுதான் யாருக்கும் தோணும். ட்ரைவர அப்டேட் பண்ணா சரியாயிடும், அவசரத்துக்கு ரௌட்டர்ல 5க்கு மட்டும் ஏஎக்ஸ் மோட அணைச்சு ஏசில வச்சுப் பாக்கலாம்.

இப்போ பொட்டிக்குள்ள போவோம்

ப்ரௌசர்ல 192.168.0.1 இல்ல 192.168.1.1 அடிச்சு அட்மின் பக்கத்துக்குள்ள போங்க, எந்த நம்பர்னு ஸ்டிக்கர்லயே இருக்கும். தனியா மாட்டின ஆக்சஸ் பாயிண்ட்னா மெயின் ரௌட்டர்ல கனெக்டட் டிவைஸ் லிஸ்ட்டப் பாத்து அதோட ஐபிய எடுங்க. வயர்லெஸ் பக்கத்துல 5க்குன்னு தனி டேப் இருக்கும். அங்க மூணு நிலைமையில ஒண்ணுதான் இருக்க முடியும்.

ஆஃப்ல இருக்கு. அப்போ ஆன் பண்ணுங்க, அவ்ளோதான். எப்படி ஆஃப் ஆச்சுன்னா சில பொட்டிங்கள்ல பின்னாடி வைஃபைன்னு ஒரு பட்டன் இருக்கும், தூசி தொடைக்கும்போது அமுங்கிடும். சிலதுல ராத்திரி வைஃபைய அணைக்கிற ஷெட்யூல் இருக்கும், பிள்ளைங்க படிப்புக்குன்னு யாராவது போட்டு மறந்திருப்பாங்க.

ஆன்ல இருக்கு, சேனல் நம்பரும் காட்டுது. அப்போ அது அனுப்பிட்டுதான் இருக்கு. பேரு ஒளிச்சு வைக்கிற டிக் விழுந்திருக்கான்னு பாருங்க, அடுத்தது ஸ்மார்ட் கனெக்ட்னு ஒண்ணு இருக்கான்னு பாருங்க. இந்த ஸ்மார்ட் கனெக்ட் ஆன்ல இருந்தா 2.4க்கும் 5க்கும் ஒரே பேரு, லிஸ்ட்ல ஒண்ணுதான் தெரியும், எந்த பேண்ட்ல ஏறணும்னு ஃபோனும் ரௌட்டரும் பேசி முடிவு பண்ணிக்கும். ஃபர்ம்வேர் (பொட்டிக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட்டுக்கு அப்புறம் 5 காணாமப் போச்சுன்னு சொல்றவங்க முதல்ல இதைத்தான் பாக்கணும். ஆண்ட்ராய்டுல கனெக்ட் ஆன நெட்வொர்க்கத் தட்டிப் பாத்தா ஃப்ரீக்வென்சி 5 கிகாஹெர்ட்ஸ்னு காட்டினா, நீங்க ஏற்கனவே 5லதான் இருக்கீங்க. எனக்கு ரெண்டு பேரையும் பிரிச்சு வைக்கிறதுதான் பிடிக்கும், குறைஞ்சபட்சம் பிரச்சனைய கண்டுபிடிக்கிற வரைக்குமாவது பிரிச்சு வைங்க, அப்புறம் சேத்துக்கலாம்.

யூனிஃபை, ஒமாடா மாதிரி கன்ட்ரோலர் (எல்லா பொட்டியையும் ஒரே இடத்துல இருந்து நடத்துற சாஃப்ட்வேர்) வச்சு ஓட்டுற ஆக்சஸ் பாயிண்ட்னா இன்னொரு இடமும் இருக்கு. ரேடியோ ஆன்ல இருக்கும், ஆனா வைஃபை பேர உருவாக்கும்போது இந்தப் பேரு எந்தெந்த பேண்ட்ல போகணும்னு டிக் கேக்கும், அதுல 5 டிக் இல்லாம சேவ் பண்ணிருப்பாங்க. ரேடியோ சும்மா ஓடும், பேரு வராது.

மூணாவது நிலைமை, ஆன்லதான் இருக்கு ஆனா சேனல் நம்பர் காட்டல, இல்ல காட்டுது ஆனா எந்த ஃபோன்லயும் பேரு வரல. பாதிப் பேரு ரீசெட்டுக்குப் போறது இங்கதான், அதனால இத கொஞ்சம் நிதானமாப் படிங்க.

சேனலும் ராடாரும்

5ல சேனலுங்க நாலு கூட்டமா இருக்கு. 36, 40, 44, 48 ஒரு கூட்டம். 52ல இருந்து 64 ரெண்டாவது. 100ல இருந்து 144 மூணாவது. 149ல இருந்து 165 நாலாவது. முதலும் கடைசியும் பிரச்சனை இல்லாதது. நடுவுல இருக்குற ரெண்டு கூட்டத்துலயும் வைஃபைக்கு முன்னாடியே ராடாருங்க இருந்துச்சு, வானிலை ராடார், ராணுவ ராடார். அதனால அந்த சேனல்ல உக்காரணும்னா டிஎஃப்எஸ்னு ஒரு விதி. பொட்டி ஆன் ஆனதும் உடனே பேச ஆரம்பிக்கக் கூடாது, 60 செகண்ட் வாயத் தொறக்காம ராடார் சத்தம் கேக்குதான்னு பாத்துட்டுத்தான் பேசணும். ஐரோப்பாவுல 120, 124, 128 சேனல்ல இது 10 நிமிஷம், ஏன்னா 5600ல இருந்து 5650 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் வானிலை ராடாரோட இடம்.

அப்போ கரண்ட் போயிட்டு வந்ததும் 2.4 டக்குனு வந்துடும், 5 வர ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். பொறுமை இல்லாம திரும்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணா திரும்ப முதல்ல இருந்து 60 செகண்ட். அணைச்சு அணைச்சுப் போடுறவங்களுக்கு அது வரவே வராது.

பேசிட்டு இருக்கும்போது நடுவுல ராடார் மாதிரி ஏதாவது கேட்டா 10 செகண்ட்ல அந்த சேனல விட்டு வெளிய வரணும், அடுத்த 30 நிமிஷம் அந்தப் பக்கமே போகக் கூடாது. நல்ல பொட்டின்னா வேற சேனலுக்குத் தாவிடும். நீங்க சேனல 100ன்னு பூட்டி வச்சிருந்தா சில பொட்டிங்க போக இடம் இல்லாம ரேடியோவையே நிறுத்திடும். மத்தியானம் நல்லா இருந்துச்சு சாயங்காலம் காணோம் அரை மணி கழிச்சு தானா வந்துச்சுன்னு யாராவது சொன்னா இதுவாத்தான் இருக்கும்.

எங்க ஊர்ல ஏது ராடார்னு கேப்பீங்க. சென்னை துறைமுகத்துல இருக்குற வானிலை ராடார் எஸ் பேண்ட், 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழ ஓடுறது, அது 5ஐ தொடாது. ஆனா பக்கத்துல ராடாரே இல்லாத ஊர்லயும் வேற ஏதோ அலைய ராடார்னு தப்பா எடுத்துக்கிற பொட்டிங்க உண்டு, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

இன்னொரு பொறி சேனல் அகலம். 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல 36ஐ வச்சா 36ல இருந்து 48 வரைக்கும் எடுத்துக்கும், ராடார் தொல்லை இல்ல. அதே 36ஐ 160ன்னு மாத்தினா 64 வரைக்கும் நீளும், பாதி ராடார் பகுதிக்குள்ள போயிடும், அப்போ மொத்தத்துக்கும் அந்த 60 செகண்ட் விதி. ஸ்பீடு வேணும்னு 160 போட்டதுல இருந்து 5 லேட்டா வருது, விட்டு விட்டு வருதுன்னா காரணம் இதான்.

அதனால இப்போ செய்ய வேண்டியது: சேனல ஆட்டோவுல இருந்து எடுத்து 36ன்னு வைங்க, அகலம் 80, இல்ல சந்தேகத்துக்கு 40ன்னே வைங்க, சேவ் பண்ணிட்டு ரெண்டு நிமிஷம் கைய கட்டிட்டு உக்காருங்க. பேரு வந்துடுச்சுன்னா பொட்டி நல்லாருக்கு, வேலை முடிஞ்சுது. ஆட்டோ சேனல் மேல எனக்கு நம்பிக்கை இல்ல, அது சில நேரம் நேரா போய் 100க்கு மேல உக்காரும், அந்த சேனலப் பாக்கவே தெரியாத பழைய ஃபோனுக்கும் டிவிக்கும் 5 இல்லாத மாதிரியே தெரியும். 36 கூட்டமா இருந்தா அப்புறம் 149க்கு மாத்துங்க, பக்கத்து வீடெல்லாம் எங்க இருக்குன்னு ஆண்ட்ராய்டுல வைஃபை அனலைசர் வகை ஆப் எதுவும் காட்டும். ஐஃபோன்ல அந்த மாதிரி ஆப் வேலை செய்யாது, ஆப்பிளோட ஏர்போர்ட் யூட்டிலிட்டிய போட்டு ஃபோன் செட்டிங்ஸ்ல அதோட வைஃபை ஸ்கேனர ஆன் பண்ணணும்.

எந்த நாட்டுப் பொட்டி?

சிங்கப்பூர்ல இருந்து மாமா வாங்கிட்டு வந்தது, துபாய்ல இருந்து வர்றப்போ தூக்கிட்டு வந்தது, இதெல்லாம் நம்ம வீடுகள்ல சகஜம். பொட்டிக்குள்ள நாடு அல்லது ரீஜன்னு ஒரு செட்டிங் இருக்கும், அத வச்சுத்தான் எந்த சேனல் அனுமதின்னு முடிவு ஆகுது. சிலதுல மாத்தலாம், அமெரிக்காவுல விக்கிறது பூட்டியே வரும். ஜப்பான்ல வாங்கினதுல 149க்கு மேல சேனலே இருக்காது, ஏன்னா அங்க அது வைஃபைக்குக் குடுக்கல. ஃபோன்களுக்கும் இதே கதை, ஒரு நாட்டுக்குன்னு செஞ்சது இன்னொரு நாட்டு சேனலக் கேக்காம போகலாம். இந்தியாவுல 2018 அக்டோபர்லதான் 5470ல இருந்து 5725 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம வைஃபைக்குத் தொறந்து விட்டாங்க, அதனால அதுக்கு முந்தின சாதனங்கள்ல 100க்கு மேல இருக்குற நடுக் கூட்டம் இல்லாம போகலாம். நாடுங்கிற இடத்துல இந்தியான்னு சரியா வச்சு, 36லயே நில்லுங்க, அது கிட்டத்தட்ட எல்லா சாதனத்துக்கும் தெரியும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி (கம்பெனி ஃபர்ம்வேருக்குப் பதிலா ரௌட்டர்ல போடுற இலவச சாஃப்ட்வேர்) போட்டவங்களுக்கு இது இன்னும் முக்கியம். நாட்டுக் கோட குடுக்காம விட்டா 00ங்கிற உலகப் பொது விதிய எடுத்துக்கும், அதுல 5 சேனலுங்க பெரும்பாலும் கேக்க மட்டும்தான் அனுமதி, பேச இல்ல. வயர்லெஸ் பக்கத்துல அட்வான்ஸ்டு டேப்ல இந்தியாவோட கோடான ஐஎன் (IN) வச்சு சேவ் பண்ணுங்க. சிஸ்டம் லாக்ல டிஎஃப்எஸ் சிஏசி ஸ்டார்ட்னு வரி ஓடினா ராடார் காத்திருப்பு நடக்குதுன்னு அர்த்தம், விட்டுடுங்க. ரேடியோ லிஸ்ட்லயே 5 சிப்பு வரலன்னா ட்ரைவரோ ஃபர்ம்வேர் பேக்கேஜோ விட்டுப் போயிருக்கும், இல்ல சிப்பே போயிருக்கும். இன்டெல் கார்டு உள்ள பழைய லேப்டாப்ப ஆக்சஸ் பாயிண்ட்டா மாத்தலாம்னு நெனைக்கிறவங்க நேரத்த வீணாக்காதீங்க, அந்தக் கார்டுங்க பெரும்பாலும் 5ல ஆக்சஸ் பாயிண்ட்டா இருக்க ஒத்துக்காது.

கரண்ட்டு சரியா வருதா?

இத எல்லாரும் கடைசியாப் பாப்பாங்க, நான் கொஞ்சம் முன்னாடியே பாக்கச் சொல்வேன். அடாப்டர் மாறிப் போறது ரொம்ப சாதாரணம், செட்டாப் பாக்ஸோட 12 வோல்ட் 1 ஆம்ப் அடாப்டர் 12 வோல்ட் 2 ஆம்ப் கேக்குற ரௌட்டர்ல சரியாப் பொருந்தும், லைட்டெல்லாம் எரியும், 2.4 கூட வரும், 5 ரேடியோவும் சேர்ந்து வேலை செய்யும்போது மூச்சு வாங்கும். மினி யூபிஎஸ் வச்சிருந்தா ஒரு தடவை அத கழட்டிட்டு நேரா ஒரிஜினல் அடாப்டர்ல போட்டுப் பாருங்க.

சீலிங்ல மாட்டுற ஆக்சஸ் பாயிண்ட்னா கரண்ட்டும் நெட் கேபிள் வழியாத்தான் போகும். இதுக்குப் பேரு பிஓஇ, அதுல ரெண்டு அளவு பொதுவா வரும்: 802.3ஏஎஃப்ல ஸ்விட்ச் 15.4 வாட் குடுக்கும், சாதனத்துக்குப் போய்ச் சேர்றது 12.95, 802.3ஏடில 30 குடுத்தா 25.5 சேரும். ஏடி கேக்குற மாடல ஏஎஃப்ல போட்டா அது ஓடும், ஆனா ரேடியோவ கொறைச்சுக்கிட்டு ஓடும், என்ன கொறைக்கும்னு மாடலப் பொறுத்து மாறும். கூடவே கேபிளப் பாருங்க, விலை கம்மின்னு விக்கிறதுல நிறைய தாமிரம் பூசின அலுமினியம்தான், கீழ இருந்து மொட்டை மாடி வரைக்கும் அத இழுத்தா வழியிலயே வோல்ட்டேஜ் போயிடும். சந்தேகம்னா ஆக்சஸ் பாயிண்ட்ட கழட்டிட்டு வந்து ஸ்விட்ச் பக்கத்துலயே சின்ன ஒயர்ல போட்டுப் பாருங்க, 5 வந்துடுச்சுன்னா குத்தம் கேபிள்லதான்.

தூரத்தையும் மறந்துடாதீங்க. அதே தூரத்துக்கு 5 சிக்னல் 2.4ஐ விட 6, 7 டெசிபல் கம்மியாத்தான் வந்து சேரும், நடுவுல ஒரு கான்கிரீட் தளம் வந்துட்டா இன்னும் மோசம். கீழ் ஹால்ல இருக்குற ரௌட்டரோட 5 மாடி ரூம்ல தெரியலன்னா அது கோளாறே இல்ல.

எல்லாம் பாத்தாச்சு, இன்னும் வரல

இப்போ ஃபர்ம்வேர் அப்டேட். கம்பெனி சைட்ல உங்க மாடலோட, முக்கியமா ஹார்டுவேர் வெர்ஷனோட பொருந்துறதத்தான் எடுக்கணும், ஒரே பேர்ல வி2, வி3ன்னு உள்ள வேற வேற சிப்பு இருக்கும். செட்டிங்ஸ பேக்கப் எடுத்து, வைஃபைல இல்லாம ஒயர்ல இருந்து அப்டேட் போடுங்க. அதுக்கும் வரலன்னா நெட் யூசர்நேம் பாஸ்வேர்டு, விலேன் நம்பரெல்லாம் எழுதி வச்சுக்கிட்டு இப்போ அமுக்குங்க அந்த ரீசெட்ட. ரீசெட்டுக்கு அப்புறம் பழைய பேக்கப்ப அப்படியே திரும்ப ஏத்தாதீங்க, பிரச்சனையும் அதோட திரும்பி வரலாம், கையால புதுசா போடுங்க.

அப்பவும் 36ல, ஒரிஜினல் அடாப்டர்ல, அதே ரூம்ல, எந்த ஃபோன்லயும் 5 வரலன்னா சிப்பு போயிருக்கும். 2.4 நல்லாருக்கே எப்படி 5 மட்டும் போகும்னு கேக்கலாம். பல மாடல்ல 2.4 மெயின் சிப்புக்குள்ளயே இருக்கும், 5க்குத் தனி சிப்பு, அதுக்குத் தனி ஆம்ப்ளிஃபையர், அது சூடாகி சூடாகித் தனியா சாகும். டிவிக்குப் பின்னாடி, மூடின அலமாரிக்குள்ள வச்சிருந்தா சீக்கிரம். ஆறின உடனே ஆன் பண்ணா 5 வருது, சூடானதும் போயிடுதுன்னா இதான் விஷயம். சிலதுல அட்மின் பக்கத்துல 5 டேபே காணாமப் போயிருக்கும், இல்ல 5 ரேடியோவோட மேக் அட்ரஸ் (அதோட அடையாள எண்) வெறும் பூஜ்யமா காட்டும், அதுக்கு மேல தேட வேண்டாம்.

வாரன்ட்டி இருந்தா மாத்துங்க. கம்பெனிக்காரங்க கேட்டா மேல செஞ்சத வரிசையா சொல்லுங்க, சேனல் 36, அடாப்டர் ஒரிஜினல், ரீசெட் பண்ணியாச்சுன்னு, அப்போ திரும்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு சுத்த விட மாட்டாங்க. வாரன்ட்டி இல்லன்னா பொட்டிய தூக்கிப் போட வேண்டியதில்ல, ஒரு டூயல் பேண்ட் ரௌட்டர வாங்கி ஆக்சஸ் பாயிண்ட் மோட்ல வச்சு பழையதோட லேன் போர்ட்ல இருந்து ஒரு ஒயர் குடுங்க. அந்த மோட் இல்லாத மாடல்னா புதுசோட டிஹெச்சிபிய (ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபி நம்பர் குடுக்குற வேலை) அணைச்சுட்டு, அதோட ஐபிய பழையதோட மோதாத மாதிரி மாத்திட்டு, லேன்ல இருந்து லேனுக்கே ஒயர் போடுங்க, வேன் போர்ட்ட (வெளிய இருந்து நெட் வர்ற ஓட்டை) தொடாதீங்க. பழையதோட 2.4 ஓடட்டும், ஸ்மார்ட் ப்ளக்கெல்லாம் அதுலயே கெடக்கட்டும்.